சூடானால் இடது செயின் மட்டும் சோர்ந்துவிடுகிறது: பழைய மினி ஹிட்டாச்சிக்குப் பம்ப் மாற்றத்தான் வேண்டுமா?

மேட்டுக்காட்டு வீடு:

அனைவருக்கும் வணக்கம். பெருந்துறைக்கு அருகில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் மேட்டு நிலமும் அதன் உச்சியில் ஒரு வீடும் உண்டு. வீட்டின் பின்புறம் நிலம் கிழக்கே சரிந்து இறங்குவதால், ஐப்பசி மழை வலுக்கும்போதெல்லாம் மேல்மண் அரித்துக்கொண்டு போய் ஓடையில் சேர்ந்துவிடுகிறது. சரிவை மூன்று படிகளாக வெட்டி, படிக்கு ஒரு கல்கட்டு வைத்து, அடியில் ஒரு சிறு குட்டை எடுத்து, நடுவே பழமரங்களும் பூச்செடிகளும் வைக்க வேண்டும் என்பது எங்கள் வெகுநாள் எண்ணம். முக்கால் அடி தோண்டினாலே சுக்கான் கல் வந்துவிடுவதால் கடப்பாரைக்கு நிலம் இளகுவதில்லை. ஜேசிபியை அழைக்கலாம் என்றால், வீட்டுச் சுவருக்கும் தென்னை வரிசைக்கும் இடையில் இருக்கிற ஏழடிச் சந்தில் அது நுழையாது.

ஆகவே சென்ற தை மாதம் ஜப்பானிலிருந்து பழையதாக வந்து இங்கே இரண்டு கை மாறிய 2.7 டன் மினி ஹிட்டாச்சி ஒன்றை 7.25 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். (எந்தக் கம்பெனி வண்டியானாலும் செயினில் ஓடினால் அது ஹிட்டாச்சி, டயரில் ஓடினால் ஜேசிபி என்பதுதானே நம் ஊர் வழக்கம்.) ஹவர் மீட்டர் 3,840 மணி காட்டுகிறது, அதை நான் நம்பவில்லை. காலையில் வண்டி நன்றாகவே ஓடுகிறது. முக்கால் மணி நேரம் வேலை செய்து ஹைட்ராலிக் ஆயில் சூடேறிய பிறகு, நேராக ஓட்டினாலும் இடப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிறது, அதாவது இடது செயின் பின்தங்குகிறது. சரிவில் ஏற்றும்போது அந்தச் செயின் ஏறக்குறைய நின்றே விடுகிறது. முன்னே போனாலும் பின்னே வந்தாலும் இதே நிலைதான். பூம் (தோண்டும் கையின் அடிப்பாகம்) தூக்குவதிலும் பக்கெட் சுருட்டுவதிலும் மேல்பகுதி சுற்றுவதிலும் எந்தக் குறையும் தெரியவில்லை.

வந்து பார்த்த மெக்கானிக் ஒருவர், ஆயிலை அழுத்தி வண்டியை இயக்கும் ஹைட்ராலிக் பம்ப் தேய்ந்துவிட்டது, வேறு பம்ப் போட 1.4 லட்சம் ஆகும், அதுவரை ஆயிலை 46-லிருந்து 68-க்கு மாற்றிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவு பணத்தைப் போடுவதற்கு முன் அனுபவம் உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன். இன்னொன்று, பக்கெட்டை ஆர்மோடு (தோண்டும் கையின் முன்பாகம்) கோக்கும் இரும்பு பின்னில் ஆட்டம் அதிகமாக இருக்கிறது. அதையும் இப்போதே பார்க்க வேண்டுமா?

ரிக் பட்டறை, திருச்செங்கோடு:

வணக்கம் ஐயா. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் ஹைட்ராலிக் வேலையில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். சின்ன ஹிட்டாச்சிகளும் பட்டறைக்கு வருவதுண்டு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பம்பின் மேல் பழி போட இது நேரமில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். உங்கள் அளவுள்ள வண்டிகளில் பெரும்பாலும் ஒரே பிஸ்டன் பம்பிலிருந்து சம அளவில் இரண்டு வழியாக ஆயில் வெளியே வரும். ஒரு வழி ஒரு செயினுக்கும் மற்றொரு வழி அடுத்த செயினுக்கும் போகும். பூம், ஆர்ம், பக்கெட் ஆகியவையும் இந்த இரண்டு வழிகளைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. மேல்பகுதி சுற்றுவதற்கும் பிளேடுக்கும் (மண் தள்ளும் தகடு) தனியாக ஒரு கியர் பம்ப் இருக்கும். பம்பின் உள்ளுறுப்பு தேய்ந்திருந்தால் இரண்டு செயினும் சோர வேண்டும், கூடவே பூமும் ஆர்மும் மந்தமாக வேண்டும். ஒரு செயின் மட்டும், அதுவும் இரண்டு திசையிலும் சோர்கிறது என்றால், பம்பைத் தாண்டிய பிறகு எங்கேயோ ஆயில் உள்ளுக்குள்ளேயே கசிந்து டேங்குக்குத் திரும்புகிறது என்றுதான் நான் நினைப்பேன். சூடான பிறகு தெரிவதற்கும் அதுவே காரணம். 46, 68 என்ற எண்கள் 40 டிகிரி வெப்பத்தில் ஆயிலுக்கு உள்ள கெட்டித்தன்மையைக் குறிப்பவை. சூடேற ஏற ஆயில் நீர்த்து, சிறிய இடைவெளியிலும் நழுவிப் போகும். கெட்டியான ஆயிலை ஊற்றினால் கோளாறு கொஞ்ச நாள் மறையும், தீராது. ஆகையால் இப்போது ஆயிலை மாற்றாதீர்கள். சோதிப்பதற்கு இந்த அறிகுறி நமக்கு வேண்டும்.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள் மூன்று: லிவருக்கு ஏற்ப ஆயிலைத் திருப்பிவிடும், மேலே உள்ள கண்ட்ரோல் வால்வு, மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே சுழலும் சென்டர் ஜாயிண்ட், செயினுக்குள் இருந்து அதைச் சுழற்றும் டிராவல் மோட்டார். இவற்றில் எது என்று கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். ஹோஸை இடம் மாற்றிப் போட்டாலே போதும். முதலில் வால்விலிருந்து சென்டர் ஜாயிண்டுக்கு இறங்கும் ஹோஸ்களில், இடது செயினுக்குப் போகும் இரண்டையும் வலது செயினுக்குப் போகும் இரண்டையும் மேலேயே மாற்றிப் பூட்டுங்கள். இப்போது இடது லிவரைத் தள்ளினால் வலது செயின் ஓடும். வண்டியைச் சூடாக்கி ஓட்டிப் பாருங்கள். சோர்வு வலது செயினுக்குத் தாவினால் கோளாறு வால்வில் அல்லது அதற்கு முன்னால் இருக்கிறது. இடது செயினிலேயே தங்கினால் வால்வும் பம்பும் நல்லவை. அப்படித் தங்கினால், மேலே உள்ளதைப் பழையபடி பூட்டிவிட்டு, சென்டர் ஜாயிண்டுக்குக் கீழே மோட்டார்களுக்குப் போகும் ஹோஸ்களை அதே மாதிரி மாற்றுங்கள். இப்போது சோர்வு வலது பக்கம் தாவினால் சென்டர் ஜாயிண்ட். இடது பக்கமே நின்றால் மோட்டார் அல்லது அதோடு சேர்ந்த ஃபைனல் டிரைவ் (மோட்டாரின் சுழற்சியைச் செயினுக்குக் கடத்தும் கியர்ப் பெட்டி).

ஹோஸில் கை வைப்பதற்கு முன் பக்கெட்டையும் பிளேடையும் தரையில் ஊன்றி, என்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் திறந்து வைத்து எல்லா லிவரையும் நாலைந்து முறை ஆட்டி, டேங்க் மூடியை மெல்லத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். கழற்றும் ஒவ்வொரு ஹோஸுக்கும் பெயிண்டால் ஓர் அடையாளம் வையுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்பினால் சாயங்காலம் மாட்டிக்கொள்வீர்கள். திறந்த வாய்களைப் பிளாஸ்டிக் மூடியால் அடையுங்கள். பனியன் வேஸ்ட் வைத்து அடைக்கவே கூடாது. அதன் பஞ்சு ஒரு நூல் உள்ளே போனாலும் வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

என்ஜின் ஓடும்போது எங்கேயாவது ஆயில் பீய்ச்சுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். ஊசித்துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, ஆனால் சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அட்டைத் துண்டைக் காட்டித்தான் கசிவைப் பார்க்க வேண்டும். மீறிப் பட்டுவிட்டால் அடுத்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும், "ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே ஏறிவிட்டது" என்று அங்கே சொல்லவும் வேண்டும்.

பதினைந்து வருட ஆபரேட்டர்:

பட்டறைக்காரர் சொன்ன முறை சரியானதுதான். ஆனால் ஹோஸைத் தொடுவதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு. அவற்றைத் தாண்டிப் போகக் கூடாது.

பக்கெட்டைத் தரையில் அழுத்தி இடது பக்கத்தை மண்ணிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். கீழே கட்டை முட்டுக் கொடுக்காமல் அடியில் தலையை நீட்டாதீர்கள். செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் உட்புறத்தில், சுழலும் பகுதியும் நிற்கும் பகுதியும் சேர்கிற இடுக்கைச் சுரண்டிப் பாருங்கள். தென்னந்தோப்பில் ஓடும் வண்டிகளில் அந்த இடத்தில் தேங்காய் நாரும் சொட்டுநீர்க் குழாயும் கயிற்றுத் துண்டும் சுற்றிக்கொண்டு, உள்ளே ஆயில் கசியாமல் தடுக்கும் சீலை மெல்ல மெல்ல அறுத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்து, ஃபைனல் டிரைவின் பிளக்கைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். அளவு கூடியிருந்து, கியர் ஆயில் கெட்டித்தன்மை இல்லாமல் தண்ணீர் மாதிரி ஒழுகினால் மோட்டாரின் ஷாஃப்ட் சீல் வழியாக ஹைட்ராலிக் ஆயில் உள்ளே வருகிறது என்று பொருள். குறைந்திருந்தால் வெளிச் சீல் போயிருக்கிறது. வெள்ளித்தூள் மாதிரி மின்னினால் கியர் தேய்கிறது.

செயின் இறுக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். ரப்பர் செயின் அளவுக்கு மீறி இறுகியிருந்தால் அந்தப் பக்கம் மோட்டாருக்கு வீண் சுமை. உங்கள் அளவு வண்டிகளில், தூக்கி நிறுத்திய நிலையில் நடு ரோலருக்கும் செயினின் உட்பக்கத்துக்கும் இடையே சுமார் 10 முதல் 15 மி.மீ. இடைவெளி இருந்தால் பொதுவாகச் சரி. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே கடைசி வார்த்தை. தளர்த்த வேண்டுமானால் கிரீஸ் நிப்பிள் உள்ள வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். அதன் எதிரே முகத்தையோ உடம்பையோ வைக்காதீர்கள். அதற்குள் இருக்கும் கிரீஸ் மிகுந்த அழுத்தத்தில் இருப்பதால், முழுதாகக் கழற்றினால் வால்வே குண்டு மாதிரித் தெறித்து வரும்.

வேறொன்றும் சொல்லத் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கம் மினி வண்டி வாடகை மணிக்கு ஆயிரம் ரூபாய் சுற்றளவில் இருக்கிறது. நீங்கள் போட்ட 7.25 லட்சத்துக்கு எழுநூறு மணி நேரம் ஆபரேட்டரோடு வண்டி நின்றிருக்கும். ஒன்றேகால் ஏக்கரில் படி வெட்ட நூற்றைம்பது மணி நேரம்கூட ஆகாது. வாங்கியாகிவிட்டது, ஆகவே இனி அதைச் சரியாக வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்கினால் நல்லது.

லேத் வேலை:

பக்கெட் பின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பக்கெட்டைத் தரையில் படும்படி வைத்து, கடப்பாரையால் நெம்பி ஆட்டத்தைப் பாருங்கள். ஒன்றிரண்டு மி.மீ. என்றால் தினமும் கிரீஸ் அடித்துக்கொண்டு ஓட்டலாம். அதற்கு மேல் போனால் தள்ளிப்போடக் கூடாது. புஷ் (பின் சுழலும் உள்வளையம்) தேய்ந்து தீர்ந்ததும் அந்தப் பின், ஆர்மின் துளையையே தின்னத் தொடங்கும். அப்புறம் புஷ் மாற்றுவதோடு முடியாது; துளையில் வெல்டிங் நிரப்பி, நேராக போரிங் அடிக்க வேண்டிவரும், செலவு பல மடங்காகும்.

பின்னை மட்டும் புதிதாகக் கடைந்து பழைய புஷ்ஷில் போட்டுக்கொடுக்கச் சொல்லிப் பலர் வருகிறார்கள். பழைய புஷ் முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கும். அதில் வட்டமான பின் எப்படி உட்காரும்? இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பின்னுக்கு இ.என்.24 எஃகு எடுத்து ஹார்டனிங் செய்யச் சொல்லுங்கள்; கிரீஸ் போகும் துளையும் புஷ்ஷின் உட்புறக் காடியும் (வரிப்பள்ளம்) இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். காடி வெட்டாத புஷ்ஷைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

மேட்டுக்காட்டு வீடு:

மூவருக்கும் நன்றி. வாடகைக் கணக்கு எனக்கும் தெரியாததல்ல, ஐயா. ஆனால் கல்கட்டு வேலை என்பது ஒரு நாள் தோண்டி, நாலு நாள் கல் அடுக்கி, பின்னால் மண் நிரப்பி, மறுபடியும் தோண்டுகிற வேலை. கொத்தனார் வருகிற நாளில் வண்டி வராது, வண்டி வருகிற நாளில் கொத்தனார் வரமாட்டார் என்று ஒரு வருடம் ஓடிவிட்டது. வேலை முடிந்ததும் விற்றுவிடுவதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

சொன்னபடி இந்த ஞாயிறும் அடுத்த நாளும் சோதித்தேன். ஸ்ப்ராக்கெட்டின் உட்புறத்திலிருந்து இரண்டடி நீளச் சொட்டுநீர்க் குழாயையும் ஒரு கைப்பிடி நாரையும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். ஃபைனல் டிரைவ் ஆயில் கறுத்திருந்தாலும் அளவு சரியாக இருந்தது, நீர்க்கவில்லை, மின்னவில்லை. இடது செயின் உண்மையிலேயே இறுக்கமாக இருந்தது. இடைவெளி 4 மி.மீ.தான். 12-க்குக் கொண்டுவந்தேன். அதனால் கொஞ்சம் தேவலை என்று தோன்றியதே தவிர, ஒரு மணி நேரத்தில் பழைய கதைதான்.

பிறகு ஹோஸ்களை மேலே மாற்றினேன். இடது லிவருக்கு வலது செயின் நகர்வது பழக அரை மணி நேரம் ஆயிற்று. நல்ல வேளையாக வெட்டவெளியில் ஓட்டினேன். சூடான பிறகும் இடது செயினே சோர்ந்தது. அடுத்த நாள் கீழே மாற்றினேன். இந்த முறை வலது செயின் சோர்ந்து, இடது செயின் ஏற்றத்தில் திணறாமல் ஏறியது. அப்படியானால் சென்டர் ஜாயிண்ட்தானே?

ரிக் பட்டறை, திருச்செங்கோடு:

அதேதான். பம்ப் நல்லது, வால்வு நல்லது, மோட்டாரும் நல்லது. சென்டர் ஜாயிண்ட் என்பது ஓர் உருளைக்குள் இன்னோர் உருளை. மேல்பகுதி எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் ஆயிலைக் கீழே கடத்துவது அதன் வேலை. ஒவ்வொரு வழிக்கும் இடையே ஒரு சீல் இருக்கும். இடது செயினை முன்னே ஓட்டும் வழிக்கும் பின்னே ஓட்டும் வழிக்கும் நடுவே உள்ள சீல் போயிருந்தால், ஆயில் மோட்டாரைச் சுற்றாமலே டேங்குக்குத் திரும்பிவிடும். இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குக் காரணம் இன்னொன்று: பக்கத்தில் உள்ள டிரெய்ன் வழியின் (மோட்டாருக்குள் கசியும் ஆயிலை டேங்குக்குக் கொண்டுபோகும் வழி) சீலும் போய், அதில் அழுத்தம் ஏறினால் மோட்டாரின் ஷாஃப்ட் சீல் தெறித்துவிடும். அப்போது நல்ல மோட்டாரும் கெட்டுவிடும்.

அடித்தட்டைக் கழற்றி, ஜாயிண்டைக் கீழ்வழியாக இறக்குங்கள். இறக்குவதற்கு முன் அந்த இடத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காயவிடுங்கள். உள் உருளையை மரக்கட்டையால் தட்டி வெளியே எடுங்கள், இரும்புச் சுத்தியலால் நேரடியாக அடிக்க வேண்டாம். எடுத்ததும் விரல் நகத்தை உருளையின் மேல் மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கும் அளவுக்குக் கீறல் இருந்தால் புதுச் சீலும் நிலைக்காது. அப்போது ஜாயிண்டையே மாற்ற வேண்டும். கீறல் இல்லாவிட்டால் சீல் கிட் போதும்.

ஒவ்வொரு காடியிலும் அடியில் ஓர் ஓ-ரிங், அதன் மேல் வெள்ளை அல்லது பழுப்பு நிறத்தில் ஒரு கெட்டி வளையம் இருக்கும். அந்த வளையத்தை அப்படியே இழுத்துப் போட்டால் மடங்கிவிடும். சூடான ஆயிலில் சில நிமிடம் போட்டு எடுத்தால் இளகும். காடியில் உட்கார்த்திய பிறகு, மெல்லிய தகட்டை ஆயில் தடவிச் சுற்றி இறுக்கி, ஒரு மணி நேரம் விட்டால் பழைய அளவுக்குச் சுருங்கும். சுருங்காமல் உள்ளே தள்ளினால் விளிம்பில் அறுந்து, செய்த வேலை வீணாகும். பழைய வளையங்களை எடுத்ததும் எண்ணி, துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

மேட்டுக்காட்டு வீடு:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். ஜாயிண்டை இறக்கவே ஒன்றரை நாள் ஆயிற்று, ஏனென்றால் இரண்டு ஹோஸின் நட்டு துருப்பிடித்து உறைந்திருந்தது. அந்த இரண்டையும் அறுத்து எடுத்து, ஈரோட்டில் புதிதாகக் கிரிம்ப் செய்து வாங்கினேன். உருளையில் கீறல் இல்லை. நகம் எங்கும் தடுக்கவில்லை. சீல் கிட் 5,600 ரூபாய், இரண்டு ஹோஸ் 3,900, உதவிக்கு வந்த பையனுக்கு மூன்று நாள் கூலி, சிந்திப் போனதற்கு ஈடாகப் புது ஆயில் ஒன்பது லிட்டர். 46-தான் ஊற்றினேன்.

வளையங்களை எண்ணச் சொன்னது நல்லதாகப் போயிற்று. மூன்றாவது வளையம் நான்கு துண்டுகளாக உடைந்திருந்தது. சேர்த்து வைத்துப் பார்த்தால் சுண்டுவிரல் நகத்தின் அளவுக்கு ஒரு துண்டு குறைந்தது. மோட்டாருக்குள் போயிருக்குமோ என்று அன்று இரவு தூக்கமில்லை. மறுநாள் டேங்குக்குத் திரும்பும் ஆயிலை வடிகட்டும் ரிட்டர்ன் ஃபில்டரைக் கழற்றி, மடிப்பு மடிப்பாகப் பிரித்தபோது, அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. உடைந்த இடத்தில் வைத்தேன், பொருந்தியது. ஃபில்டரையும் புதிதாகப் போட்டுவிட்டேன்.

நேற்று மதியம் வெயிலில் இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகு சரிவின் அடியிலிருந்து வீட்டு வாசல் வரை நேராக ஏறி வந்தேன். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. பக்கெட் பின்னும் புஷ்ஷும் லேத்தில் இருக்கின்றன, வியாழன் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காடி வெட்டச் சொல்லிவிட்டேன்.

பதினைந்து வருட ஆபரேட்டர்:

மகிழ்ச்சி. படி வெட்டும்போது மேல்படியிலிருந்து தொடங்குங்கள். வெட்டிய மண்ணைக் கீழ்ப்படிக்கு இழுத்துக்கொள்ளலாம். விளிம்பில் நிற்கும்போது செயின் இரண்டும் விளிம்புக்குக் குறுக்காக இருக்கட்டும், சரிந்தால் பின்னால் ஓட்டித் தப்பிக்கலாம். மண் உங்கள் நிலத்துக்குள்ளேயே இருக்கும்வரை கவலை இல்லை. மிஞ்சுகிறதே என்று லாரியில் ஏற்றி வெளியே அனுப்புவதானால் கனிமவளத் துறையின் அனுமதி வேண்டும். விற்கிற அன்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.